ஆள் இல்லாத நேரத்தில் பேசியவர்கள்

திருகோணமலையில், மூதூர்ப் படகு புறப்படும் லோஞ்ச் துறைக்குப் போகும் தெருவில் ஒன்பது வருடம் ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்தினேன். கடை என்றால் ஓர் அறைதான். ஒரு தொலைபேசி, ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரோரம் நாலைந்து பேர் இருக்கக்கூடிய ஒரு நீள வாங்கு. வேலைக்கு ஆள் வைக்கவில்லை. நாட்டில் சண்டை தொடங்கிய காலத்திலேயே அண்ணன் கனடா போய்விட்டார். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் சமைத்துச் சாப்பிட்டு, முன்னால் வந்து உழைத்தேன்.

அப்போது வீடுகளில் தொலைபேசி அபூர்வம். வெளிநாட்டில் இருப்பவர்கள் என் கடைக்குப் போன் எடுத்து, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வையுங்கோ அக்கா, அரை மணித்தியாலத்தில திருப்பி எடுக்கிறன்" என்பார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் அன்புவழிபுரம் போவேன். வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி உருட்ட வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். போனால் அந்த அம்மா கோயிலுக்குப் போயிருப்பார். தேடிப் பிடித்துப் பின்னால் ஏற்றி வந்து சேர்வதற்குள் மணி அடித்து ஓய்ந்திருக்கும். கடைக்கு வந்த வேறு ஆட்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். ஒரே நாளில் நாலு தரம் இப்படி ஓடியதும் உண்டு. அந்த வருடங்களில் பகல் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சவூதியில் சாரதியாக இருந்துவிட்டு வந்த ஒருவர் ஒருநாள் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஆன்சரிங் மெசின். முதலாளி புதுசு வாங்கிப்போட்டுப் பழசை எனக்குத் தந்தவர். என்ட வீட்டில போனே இல்லை. இதை வைச்சு நான் என்ன செய்யிறது? நீங்கள் எடுங்கோ" என்றார்.

தொலைபேசியோடு பூட்டிப் பார்த்தபோது முதலில் கேட்டது யாரோ ஒருவர் அரபியில் யாரையோ ஏசுகிற சத்தம். நானும் அவரும் சிரித்துவிட்டோம். அதற்குள் இரண்டு கசெற்றுகள் இருந்தன. ஒன்றில் என் குரலைப் பதிந்து வைத்தால் எடுப்பவர்களுக்கு அது கேட்கும். அவர்கள் சொல்வது மற்றதில் பதியும். இரண்டுமே வானொலிப் பெட்டியில் போடுகிற சாதாரணக் கசெற்தான்.

என் குரலைப் பதியவே ஒரு பின்னேரம் போயிற்று. ஒருமுறை காகம் கத்தியது, ஒருமுறை ஓட்டோ போனது. கடைசியில், "வணக்கம். நான் வெளியில போயிருக்கிறன். யாருக்கு என்று முதல்ல சொல்லுங்கோ, பிறகு விசயத்தைச் சொல்லுங்கோ" என்று பதிந்தேன். முதல் கிழமை வந்தவற்றில் பாதி, "ஹலோ, ஹலோ, கேக்குதோ அக்கா? ஏன் பேசாம இருக்கிறீங்கள்?" என்ற கேள்விகள்தான். "இது மெசின், பதில் சொல்லாது" என்ற வசனத்தையும் சேர்த்த பிறகு நிலைமை சரிவந்தது.

அதன் பிறகு நான் யாரையும் தேடி ஓடவில்லை. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை செய்தி கேட்கும் நேரம் என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அன்புவழிபுரத்திலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் தாங்களாகவே வந்து வாங்கில் வரிசையாக இருந்தார்கள். வந்த செய்தியைப் போட்டுக் காட்டுவேன்.

ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பேசுகிற பிள்ளைகள் பழக்கத்தில் பதிலுக்கு இடம் விட்டுத்தான் பேசினார்கள். "அம்மா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். வாங்கில் இருக்கும் தாய் அந்த இடைவெளியில், "ஓம் ராசா, சுகமா இருக்கிறன்" என்பார். "கால் நோ எப்பிடி?" "அது அப்பிடியேதான் கிடக்கு." பெட்டியோடு கதைக்கிறோம் என்று அவர்கள் வெட்கப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கவில்லை. தங்கள் முறை வந்ததும் அவர்களும் அதையேதான் செய்தார்கள்.

மிச்சமான நேரத்தில் நான் செய்த முதல் காரியம், வெயில் தாழ்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் காலை நனைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அண்ணன். "தங்கச்சி, சும்மாதான் எடுத்தனான். நீ ஒருநாளும் கடையை விட்டு அசையமாட்டாயே. இண்டைக்கு எங்க போனனீ?" என்று கேட்டுவிட்டு அவரும் ஒரு கணம் நிறுத்தினார். "கடலுக்குப் போனனான் அண்ணா" என்று வெறும் கடையில் நின்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நானும் அந்தத் தாய்மாரைப்போலவே செய்திருக்கிறேன் என்று விளங்கியது.

செய்தி கேட்க வருபவர்களில் மூதூரிலிருந்து லோஞ்சில் வரும் ஒரு முஸ்லிம் பெண்ணும் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் ராத்தா என்பேன், அவர் தங்கச்சி என்பார். அவருடைய ஒரே மகள் சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அந்த வீட்டு அம்மா நல்ல மனநிலையில் இருக்கும் நாளில்தான் தொலைபேசியைத் தொட விடுவாளாம். அது எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? பெட்டி வருவதற்கு முன்பு ராத்தா இரண்டு மூன்று தரம் வந்து பொழுதெல்லாம் காத்திருந்துவிட்டுக் கடைசி லோஞ்சில் திரும்பிப் போயிருக்கிறார். பெட்டி வந்த பிறகு, மகள் எப்போது எடுத்தாலும் அது பிடித்து வைத்தது. ராத்தா கிழமைக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

தொடக்கத்தில் ஒவ்வொரு காலையும் செய்திகளைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். ஆறேழு மாதத்தில் அதை விட்டுவிட்டேன். பெட்டிதான் வைத்திருக்கிறதே, பிறகேன் நானும் எழுதி மினக்கெட வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பிழை என்னுடையது.

மாரி தொடங்கிய நேரம், கடலும் கொந்தளித்தது, அக்கரையில் பிரச்சினையும் கூடியது. பதினொரு நாள் லோஞ்ச் ஓடவில்லை. அந்த நாட்களில் ராத்தாவின் மகள் எடுத்திருந்தாள். காலையில் தேநீர் குடித்தபடி அதைக் கேட்டேன். இருந்த வீட்டுக்காரர் வேறு நாட்டுக்குப் போகிறார்கள், தன்னை இன்னொரு ஊரில் ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அந்த வீட்டு நம்பர் இதுதான் என்று சொல்லியிருந்தாள். சரி, ராத்தா வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மின்சாரம் நின்று வந்தது. மின்சாரம் போனால் அந்தப் பெட்டிக்குத் தான் எதுவரை பதிந்தது என்பது மறந்துபோகும். நாடாவின் தொடக்கத்துக்கே போய், புதிதாக வருவதைப் பழையதின் மேல் பதியும். எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு நினைவு வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேடினால், நாடாவின் தொடக்கத்தில் அவள் பேசிய இடத்தில் ஜேர்மனியிலிருந்து ஒருவர் தான் அனுப்பிய பார்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லோஞ்ச் ஓடத் தொடங்கிய முதல் நாளே ராத்தா வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு வாங்கில் இருந்து, "மகள் ஏதும் கதைச்சாளா தங்கச்சி?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அழுதாளா?"

"இல்லை ராத்தா. குரல் நல்லாத்தான் இருந்தது."

"என்ன சொன்னாள் என்டு அப்படியே சொல்லுங்க."

நினைவில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நம்பர் மட்டும் வரவில்லை. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மெசின் கடைசியாகப் பதிந்ததோடு நின்றுவிடும், வானொலிப் பெட்டி நிற்காது. கசெற்றைக் கழற்றி என் வானொலிப் பெட்டியில் போட்டு ஓடவிட்டேன். ஜேர்மனிக்காரரின் செய்தி அவளுடையதைவிடக் கட்டை. அது முடிந்ததும் ஒரு சின்னச் சத்தம், அதன் பிறகு அவளுடைய குரலின் வால் மட்டும் மிஞ்சி இருந்தது.

"...ஆறு, ரெண்டு. எழுதிட்டீங்களா உம்மா?"

"இல்ல மகள்" என்றார் ராத்தா, மெதுவாக.

"சரி உம்மா. வெய்யில்ல அலையாதீங்க."

கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து என்ன செய்ய முடியும்? பழைய வீட்டு நம்பருக்கு எடுத்துப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவளை அனுப்பிய கொழும்பு ஏஜன்சிக்காரர் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினோம். புது வீட்டில் அவளுக்கு எப்போது தொலைபேசி கிடைக்கும், கிடைத்தாலும், நம்பரைத்தான் கொடுத்துவிட்டோமே, உம்மா எடுப்பார் என்றுதானே பார்த்திருப்பாள்? எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள்?

போவதற்கு எழும்பிய ராத்தா வாசலில் நின்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, எடுக்கிற ஆக்களுக்கு முதல்ல உங்கட குரல்தானே கேக்கும்?"

"ஓம்."

"அதில நான் கதைக்க ஏலாதா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. உடனே கதவைச் சாத்திவிட்டுப் பதிந்தோம். அவருக்கு ஒரே தடவையில் சரிவந்தது.

"மகள், உம்மா கதைக்கிறன். நீ சொன்ன நம்பர் அழிஞ்சி போச்சி. திரும்ப ஒருக்கா சொல்லு. அவசரப்படாம ஆறுதலாச் சொல்லு. நாங்க எல்லாரும் சுகம். மத்த ஆக்கள் கோவிக்காதீங்க, நீங்களும் உங்கட செய்தியைச் சொல்லுங்க."

நான் கடையில் இருக்கும்போதும் உடனே எடுக்காமல், மெசின் எடுக்கும் வரை நாலு தரம் மணி அடிக்கவிட்டேன். அவள் எடுத்தால் அந்தக் குரலைக் கேட்கட்டும் என்றுதான். அன்றிலிருந்து கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எடுத்தவர்கள் எல்லோரும் மூதூர் உம்மாவின் குரலைக் கேட்டார்கள். முதலில் சிலர் நம்பர் பிழை என்று வைத்துவிட்டார்கள். பிறகு செய்திகள் மாறத் தொடங்கின. "அம்மா, நான் போன மாசம் அனுப்பினது கிடைச்சதோ? அந்த உம்மாவின்ட மகள் எடுத்தவவோ?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் தாய்க்கு ஒன்றுமே சொல்லாமல், "உம்மா, யோசியாதேங்கோ, எடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அவருடைய தாய் வாங்கில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, "நல்ல பிள்ளை" என்றார், வேறு யாருடைய பிள்ளையையோ சொல்வதைப்போல. இரண்டு மணிக்கு வருபவர்கள் தங்கள் செய்தியைக் கேட்பதற்கு முன் மூதூர்ப் பிள்ளையைத்தான் விசாரித்தார்கள்.

இருபத்துமூன்று நாள் போனது. நான் மீன் வாங்கப் போயிருந்த ஒரு காலை. திரும்பி வந்து மீன் பையைக் கீழே வைக்காமலே பொத்தானை அமத்தினேன். முதல் செய்தியில் பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில், "உம்மா... நான் மூணாவது தரம் எடுக்கிறன். உங்கட குரலைக் கேக்கத்தான் எடுத்த. இப்ப சொல்றன், எழுதுங்க" என்றாள். நம்பரை மூன்று தரம் சொன்னாள், ஆறுதலாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல.

கொப்பியில் எழுதினேன். அதை நம்பாமல் சுவரிலும் எழுதினேன். அன்றைய லோஞ்சில் மூதூர் போகவிருந்த ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்ப, ராத்தா அடுத்த நாள் முதல் லோஞ்சில் வந்து இறங்கினார். நம்பரை அழுத்தி, மணி அடிக்கிறது என்று தெரிந்ததும் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். உள்ளே அவர் கதைத்தது கேட்டது. கடைசியில் ஒருமுறை சிரித்ததும் கேட்டது.

வெளியே வந்து, "இனி என்ட குரலை எடுங்க தங்கச்சி. என்ட வேல முடிஞ்சி" என்றார்.

எடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். காலையில் கொப்பி எழுதுகிற வேலையையும் மறுபடி தொடங்கினேன். அதற்குக் கால் மணித்தியாலம்தான் பிடித்தது.

இரண்டு வருடம் கழித்து மகள் வந்து சேர்ந்தாள். ராத்தா வந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். "கடையை விட்டுட்டு எப்படி வாறது?" என்று கேட்க வாயெடுத்தவள், பெட்டியைப் பார்த்துவிட்டு, "வாறன்" என்றேன். ஒன்பது வருடத்தில் ஒரு முழுநாள் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. துறையில் பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, லோஞ்சில் ஏறினேன். நான் அவ்வளவு காலம் அந்தத் துறைக்குப் பக்கத்தில் இருந்தும் கொட்டியாரக் குடாவின் நடுவில் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்ததில்லை. கோணேசர் மலை கையளவாகத் தெரிந்தது.

மகள் வாசலிலேயே நின்றாள். மெலிந்த பிள்ளை, கையில் மருதோன்றி. நான் வாயைத் திறந்து "சுகமா இருக்கிறீங்களோ" என்று கேட்டதுதான், அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்து, "மெசின்ல கதைக்கிற ராத்தா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பெரிய தட்டில் சோறு போட்டு, மூன்று பேரும் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். இறால், மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். "உம்மா லோஞ்சில வாறப்ப எல்லாம் உங்களுக்கு ஒண்டும் கொண்டு வரல்லயாம், அதுக்கும் சேத்துச் சாப்பிடுங்க" என்று அவள் என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். சோறு ஆவி பறந்தது. சூடு ஆறுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்தேன். திரும்புவதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கிணற்றடியில் கை கழுவிவிட்டு, மாமர நிழலில் பாய் போட்டு, மூவரும் கதைத்துக்கொண்டிருந்தோம்.