காதில் மாட்டிய டிவி

பக்கத்து வீட்டில் சாவு விழுந்த மூன்றாம் நாள் சாயங்காலம், எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என் வீடு. சத்தம் வெளியே போகிறது என்பது தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியாது. இதை எழுதும்போதுகூட முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்குக் காது மந்தம். இப்போது சொல்லிவிட்டேன். ஐந்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பேசுகிறவர்கள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள், மின்விசிறி கடகடக்கிறது, டிவிக்காரன் ஒலியைக் குறைத்துவிட்டான் என்று குற்றம் எப்போதும் எனக்கு வெளியில்தான் இருந்தது. நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி இழுத்தவன் நான். யார் வீட்டுச் சுவர் யாருடையது என்று ஊருக்கெல்லாம் அளந்து சொன்னவனுக்குத் தன் காதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. டிவியின் ஒலி இருபதில் இருந்தது முப்பதாகி, நாற்பதையும் தாண்டியது. மனைவி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டு வீடுகள். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அவன் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் வீட்டு டிவி சாயங்காலம் முழுக்கப் பெண்களின் சீரியலுக்குப் போய்விடும். அதனால் ஏழு மணிக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரை ஒட்டிய அறைக்கு வந்துவிடுவான். என் டிவியில் ஓடும் செய்தி விவாதத்தை அங்கிருந்தே கேட்பான். "அண்ணாச்சி, இவன் புளுகுகான், கேட்டியளா" என்று கத்துவான். நானும் பதிலுக்குக் கத்துவேன். நாங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது குறைவு. கல்யாணம், அறுவடை, தேர்தல் எல்லாவற்றையும் சுவர் வழியாகவே பேசித் தீர்த்திருக்கிறோம். என் டிவி சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. அந்த அறையிலேயே, சுவரை ஒட்டிக் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். முதல் இரண்டு வாரம் தினமும் போனேன். கோணிய வாயால் அவன் என்னவோ சொல்லப் பார்ப்பான். அவன் மனைவிக்குப் புரியும், வந்து போகிறவர்களுக்குக்கூடப் பாதி புரியும். எனக்கு ஒன்றும் விளங்காது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் "ஆமா, ஆமா" என்றேன். அவன் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். என்ன கேட்டான் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு போவதைக் குறைத்தேன். கேட்டவர்களிடம் முட்டு வலி என்றேன்.

அந்தச் சமயத்தில் மஸ்கட்டிலிருந்து மகன் விடுப்பில் வந்தான். டிவி சத்தத்தைக் கேட்டுவிட்டு, நாகர்கோவிலுக்குப் போய்க் காதைச் சோதித்து வரலாம் என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன் அப்பனைச் செவிடன் என்கிறாயா என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே கடைக்குப் போய் வயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். டிவியோடு அதை இணைத்து, ஸ்பீக்கரை அணைத்து, என் தலையில் மாட்டிவிட்டான். விவாதத்தில் பேசுகிறவன் எச்சில் விழுங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும்.

ஏன் டிவி சத்தமே இல்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என் காதைப் பற்றிச் சொல்லக்கூடாதென்று மனைவிக்குத் தெரியும். நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்றுதான் ஹெட்போன் வாங்கினார் என்று சொல்லிவிட்டாள். அது தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரனுக்காக இப்படி யார் செய்வார்கள் என்று கோயில் வாசலில் வைத்து ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். அந்த நடிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சாயங்காலங்களில் அவன் முனகுவது என் மந்தக் காதுக்கும் லேசாக எட்டும். ஹெட்போனை மாட்டினால் அது நின்றுவிடும். அந்த வசதியும் எனக்குப் பிடித்திருந்தது.

ஏழு மாதம் கிடந்து அவன் செத்துப்போனான். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து நானே போய் மாலை வாங்கி வந்தேன். மறுநாள் சுடுகாட்டில் காடாத்துச் சடங்கு முடிந்து சாம்பல் கரைக்கும்வரை கூடவே இருந்தேன். எங்கள் பக்கத்தில், அடுத்த வீட்டில் துட்டி, அதாவது சாவு, என்றால் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் முடிகிறவரை டிவி வைப்பதில்லை. யாரும் போர்டு எழுதி மாட்டியதில்லை. வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி பக்கத்து வீட்டில் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால்தானே குற்றம், என் டிவிதான் சத்தம் போடாதே என்று எனக்கு நானே வழக்கு நடத்தித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். முன்வாசல் கதவைச் சாத்திவிட்டு டிவியை வைத்தேன். மூன்று நாள் கிடந்ததில் ஹெட்போன் இணைப்பு விட்டுப்போயிருந்தது. திரும்ப இணைத்தபோது சத்தம் எதில் வர வேண்டும் என்று திரையில் ஒரு பட்டியல் வந்தது. ஸ்பீக்கர் மட்டும், ஹெட்போன் மட்டும், இரண்டிலும். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, கடைசியில் இருந்ததை அமுக்கினேன். காதில் சத்தம் வந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

நகைச்சுவைக் காட்சிகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனில் ஒலி குறைவாகத் தோன்ற, ரிமோட்டில் ஏற்றிக்கொண்டே போனேன். ஏறியது ஸ்பீக்கர். சுவருக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் அவன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியிருந்தார்கள். ராஜாக்கமங்கலத்திலிருந்து வேனில் துட்டி கேட்க வந்த சொந்தக்காரர்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் அழத் தொடங்கிய நேரத்தில் என் வீட்டில் பத்துப் பேர் சிரித்தார்கள். கூடவே நானும் சிரித்தேனாம்.

மனைவி பின்கதவு வழியாக ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். என்ன இப்போது என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் வாய் அசைந்தது. பிறகு அவளே என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"தெரு பூரா கேக்கு" என்றாள்.

அவள் திரும்பிப் போய், அவருக்குக் காது கேட்காது, தெரியாமல் நடந்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லி அழுதிருக்கிறாள். அது தெரிந்தபோது, நடந்ததற்கு வெட்கப்பட்டதைவிட என் காதைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதன் பிறகு பன்னிரண்டு நாள் வாசல்படி தாண்டவில்லை. பால் வாங்கக்கூட அவள்தான் போனாள்.

அடியந்திரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போனேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் என்னிடம் உரக்கப் பேசினார்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் அவன் மனைவி அந்த அறையில் தனியாக இருந்தாள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். மன்னித்துக்கொள்ளம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். புருஷனுக்கு அண்ணன் முறை என்று என்னை அத்தான் என்றே கூப்பிடுகிறவள், என்னை முடிக்க விடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, நிதானமாக, எனக்குக் கேட்கிறமாதிரி சொன்னாள்.

"அத மனசுல வச்சுக்கிடாதுங்க அத்தான். ஒங்க டிவி சத்தம் கேட்டதும் எனக்கு அவிய ஞாவகந்தான் வந்துது. கிடப்புல கிடக்கச்சில, ஏழு மணி ஆச்சுன்னா இந்தச் செவுத்துல டம்ளரால தட்டுவாவ. ஒங்க டிவி சத்தம் கேக்கணுமாம். 'ஒங்களுக்குத் தொந்தரவு வரப்பிடாதுன்னுதானே அத்தான் காதுல மாட்டிக் கேக்காவ'ன்னு நான் அவியகிட்ட சொல்லுவேன். சரின்னு தலைய ஆட்டுவாவ. மறுநாளும் தட்டுவாவ."

சுவரைப் பார்த்தேன். கட்டில் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு கை எட்டுகிற இடத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து சிறு சிறு வட்டப் பள்ளங்களாக இருந்தது. உள்ளங்கையால் மூட முடியாத அளவுக்கு இருந்தது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"எப்பிடிச் சொல்ல அத்தான்? நீங்க அவியளுக்காவத்தானே சத்தத்த நிறுத்துனிய."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவனுக்காக இல்லை அம்மா, என் வீம்புக்காக என்று. ஆனால் அவன் தட்டியது எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். தெரியுமே அத்தான், காதில்தான் மாட்டியிருப்பீர்களே என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

கேட்கவில்லை என்று நான் சொன்னதும் பொய். ஒரு நாள் கேட்டது. சார்ஜ் தீர்ந்து ஹெட்போனைச் செருகி வைத்திருந்த ஒரு சாயங்காலம், டக் டக் என்று இரண்டு தடவை. கொஞ்சம் விட்டுத் திரும்பவும் இரண்டு தடவை. அடுக்களையில் எதையோ இடிக்கிறாள் என்று நினைத்து மனைவியைக் கடிந்தேன். நான் ஒன்றும் இடிக்கவில்லை, அந்தப் பக்கமிருந்து வருகிறது என்றாள். சுவரைப் பார்த்தேன். தட்டுவது அவன்தான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போனால் அவன் ஏதாவது சொல்வான், எனக்குப் புரியாது, அவன் என் முகத்தையே பார்ப்பான். சார்ஜ் பாதிகூட ஏறவில்லை. நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.