பத்து மணிப் பால்

மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து, அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் கடைசி. எதையும் பட்டியல் போட்டு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன்.

தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். பால்குடிப் பிள்ளை உள்ளவள் காலை பத்து மணிக்கு ஒருமுறை கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பால் கொடுக்கலாம். தோட்டம் அனுமதித்திருந்த நேரம் அது.

அங்கே எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எடையும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ஒரு குழந்தை கஞ்சியைக் கவிழ்த்து, அதில் அளைந்து, பிறகு தானாகவே விரலைச் சூப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதையே இங்கும் செய்து பார்க்க நினைத்தேன். முதல் நாள் அவித்த பூசணி. இரண்டாம் நாள் மசித்த வாழைப்பழம். மூன்றாம் நாள் பருப்புச் சோறு. தட்டைக் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு, யாரும் ஊட்டக் கூடாது என்றேன்.

காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "சோத்துல அளைய விடுறீங்களே மிஸ்ஸி, பாவமுங்க. இவ ஆத்தாகாரி பாத்தா என்னைய மென்னு துப்பிருவா."

பத்து மணிக்குத் தாய் வந்தாள். குழந்தையின் தலைமுடிவரை பருப்பு.

"கொத்தனாருக்கு வாக்கப்படப் போறா போல. இப்பவே பூச்சு வேல பழகுறா," என்று சிரித்தாள். குழந்தையைத் துடைத்து மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் குழந்தை தன் உள்ளங்கையை நக்கியது. மறுவாரம் நான்கு வாய் சோறு. என் மாதாந்தப் பட்டியலில் 'சோறு உண்கிறதா' என்பதற்கு எதிரே 'ஆம்' என்று சரி போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன். தாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போனது.

அடுத்த மாதம் ஒரு நாள் பத்து மணிக்குத் தாய் வரவில்லை. குழந்தை வாசலைப் பார்த்து அழுதது.

"இனிமே வரக் கூடாதுன்னுட்டாங்களாம் மிஸ்ஸி," என்றாள் ஆயா.

மலை ஏறிப் போனேன். வேலையை மேற்பார்வையிடும் கண்டாக்கு குடையை ஊன்றி நின்றிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சோறு திங்கிற புள்ளைக்கு எதுக்குங்க பத்து மணிப் பாலு? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"நாலு வாய்தான் சாப்பிடுது. பால் இல்லாம அது தாங்காதுங்க."

"அப்படி ஒரு கட்டம் உங்க தாள்ல இல்லீங்களே மிஸ்ஸி."

இல்லைதான். அந்தத் தாளுக்குக் கோடு போட்டவள் நான். ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

சற்றுத் தள்ளி அந்தத் தாய் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மழை இல்லை. கிட்டே போனேன். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மிஸ்ஸி. போயிட்டு வாங்க. நீங்க நின்னா எனக்குக் கொழுந்து கொறையும்."

திருத்திய தாள் ஒன்றை ஆபீசுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாவது தாளை அனுப்பும் துணிச்சல் எனக்கு இல்லை, வேலை புதிது. குழந்தை சில நாள் சோற்றையும் தள்ளிவிட்டது. தாய்க்கும் பால் குறைந்துகொண்டே வந்தது. அந்த மாதம் தராசில் குழந்தையின் எடை இறங்கியிருந்தது.

அதற்கடுத்த பட்டியலுக்காகக் காம்பராவில் உட்கார்ந்தேன். கொழுகொழுவென்ற பையனோடு வந்த இன்னொருத்தி, அவன் மோவாயில் ஒட்டியிருந்த சோற்றை முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.

"ஒண்ணுமே திங்க மாட்டேங்குறான் மிஸ்ஸி," என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.

'இல்லை' என்று எழுதினேன்.