கட்டைவிரலுக்கு வெள்ளிக் கட்டு

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றியபோது மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்தேன். புலன்களை வென்றுவிட்டோம், படித்த தத்துவ நூல்கள் வீண்போகவில்லை என்று ஒரு நினைப்பு. உண்மையில் வென்றது சர்க்கரை. பாதம் மரத்துப்போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வலது கட்டைவிரலின் அடியில் கொப்புளம் வெடித்துப் புண்ணாகி, ஆறவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

குமணன்சாவடியில் ஒரு மருத்துவர் பார்த்தார். இன்னும் பரவினால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்களின் அலட்சியத்தோடு. அதற்குமுன் ஒன்று செய்து பார்க்கலாமாம்: கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக வெள்ளி சேர்த்த கட்டுத்துணி. வெள்ளி கிருமிகளைக் கொல்லும்; புண் காயாமல், ஈரப்பதத்தோடு ஆறும். அவர் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு ஜோடி கொலுசு கிடையாது. உங்க காலுக்கு வெள்ளி."

ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கட்டைப் பிரித்துக் காற்றாட விடு என்றார்கள்; மஞ்சள் என்றார்கள், காபித்தூள் என்றார்கள். நான் அசையவில்லை. கொள்கை உறுதி என்று சொல்ல ஆசைதான். குனிய விடாமல் தொப்பை தடுத்தது.

ஒரு காலையில் கட்டைப் பார்த்த மனைவி விளக்கைப் போட்டு மறுபடியும் பார்த்தாள். துணியும் அதையொட்டிய தோலும் கறுத்திருந்தன. அழுகிவிட்டது என்று இருவருமே முடிவுகட்டினோம். தெருமுனை ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், கரிக்கட்டையாட்டம் கீது" என்று தைரியம் சொல்லி ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மனதுக்குள் விரலுக்கு இரங்கல் உரை தயாரித்தேன். இரண்டாம் பத்தி நன்றாகவே வந்திருந்தது.

மருத்துவர் பதறவில்லை. கட்டைப் பிரித்து, நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தார். கறுப்பு பஞ்சோடு வந்தது. வெள்ளியின் கறை அது, வெள்ளிச் சாமான் கறுப்பதில்லையா என்று கேட்டார். அடியில் ரோஜா நிறத்தில் புதுச்சதை. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்நோக்கி வளர்ந்து, குழியில் பாதிக்குமேல் மூடியிருந்தது.

"விரல எடுக்க வேணாம்" என்றார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள் மனைவி. அவரும் சலிக்காமல் சொன்னார்.

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரரிடம், முன்பின் தெரியாதவர்களோடு பேசாத என் மனைவியே முந்திக்கொண்டு விரல் தப்பித்த செய்தியைச் சொன்னாள்.

"அப்போ ஒக்காருமா, ஊட்டாண்ட ஜோரா எறக்கிவுடறேன்" என்றார் அவர். சாலை முழுக்கக் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். ஏதோ முக்கியஸ்தர் என்று நினைத்துத் தண்ணீர் லாரி ஒன்றுகூட ஒதுங்கியது. காலைச் சற்று வெளியே தெரியும்படி நீட்டி, அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டேன்.