அடுப்புத் தகட்டின் படம்

நவம்பர் எட்டாம் திகதி, சனிக்கிழமை. காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளினேன், நிலவறையிலிருந்து விறகு தூக்கி வந்தேன், சப்பாத்துகளைத் துடைத்து வைத்தேன். மாலையில், ஒவ்வொரு சனியும் செய்வதுபோல, கைபேசியில் தேவையற்ற படங்களை அழிக்க உட்கார்ந்தேன். ஒரு படத்தில் விரல் நின்றது. விறகு அடுப்பொன்றின் பின்புறத் தகடு, அதில் வகை எண். ஓரத்தில், வெள்ளைத் துணி விரித்த கதிரையின் ஒரு கால்.

அண்ணையின் வீட்டில் எடுத்த படம் அது. உடன்பிறந்தவர் அல்லர், ஸ்டுட்கார்ட்டுக்கு நான் வந்த காலத்திலிருந்தே அண்ணை. கடையொன்று மூடப்பட்டபோது இருவரும் ஒரே மாதிரி அடுப்பு வாங்கி, ஒரே வண்டியில் ஏற்றி வந்தோம். சூட்டை அறைக்குள் தள்ளும் சிறு விசிறி அதன் பின்னால் இருக்கிறது. இந்த வசந்தத்தில் என்னுடையது நின்றுவிட்டது. அந்த வகை இப்போது செய்யப்படுவதில்லை. கையிருப்பு வைத்திருந்த ஒரேயொரு கடைக்காரர் கேட்ட விலைக்குப் பாதி அடுப்பே வாங்கலாம். மலிவாக வரவழைத்த இரண்டு விசிறிகளும் பொருந்தவில்லை; ஒன்றின் அச்சு குட்டை, மற்றதன் துளைகள் விலகி நின்றன. "அளக்காமல் வாங்காதையும்" என்று அண்ணை சொல்லுவார். என் அடுப்பின் தகடோ சூட்டில் கருகி எண் தெரியாமல் போயிருந்தது. அவருடையதைப் பார்த்து எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள், செப்டெம்பரில், அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் முன்னறையில் இருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்த நான் அடுப்பருகே குனிந்து படம் எடுத்தேன். நிமிர்ந்தால், அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கதவடியில் நின்றார். செத்தவீட்டில் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லி விடைபெறுவது எங்கள் வழக்கமல்ல. பேசாமல் எழுந்து போகவேண்டும். அன்று அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வந்தேன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் வேலையென்று சொல்லி என் மனைவியை மட்டும் அனுப்பினேன்.

படங்களை அழிக்க உட்கார்ந்த அதே சனி மதியம்தான் அக்கா தொலைபேசியில் அழைத்திருந்தார். வீட்டை விற்கிறாராம், வாங்குபவர்களுக்கு அடுப்பு வேண்டாமாம், விசிறியை நான் கழற்றிக்கொண்டு போகட்டாம். போனேன். நான் திருகாணிகளைக் கழற்ற, அவர் டோர்ச் பிடித்தார்.

"நம்பர் சரியோ எண்டு பாருங்கோ, தம்பி. அண்டைக்குப் படம் எடுத்தனீங்கள்தானே."

கையிலிருந்த திருகாணி அடுப்புக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினேன், தேவைக்கு மேல் தேடினேன்.

"என்னத்துக்கு முகத்தை ஒளிக்கிறியள்? அவரெண்டால் அண்டைக்கே கழட்டிக்கொண்டு போயிருப்பார்," என்று சிரித்தார்.

திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். விசிறியைப் பையில் போட்டு வாசலுக்கு வந்தேன். அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். "போட்டு வாறன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் வாய் வரவில்லை, பேசாமல் படியிறங்கினேன். பாதி வழியில்தான் உறைத்தது. அவர் இன்னும் குடியிருக்கும் வீட்டைச் செத்தவீடாக்கிவிட்டு வந்திருந்தேன்.

படத்தின் எண் இனித் தேவையில்லை. ஆனாலும் அந்தச் செத்தவீட்டுக் கதிரையின் காலை அழிக்க மனம் வரவில்லை. கைபேசியை மூடி வைத்தேன்.

ஞாயிறு காலை, விசிறியைப் பொருத்தும் முன், அக்கா வீட்டு மணியை அடித்தேன். ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, தேத்தண்ணி போட்டார். குடித்து முடித்து, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன், அக்கா," என்றேன்.

"ஓம், வாங்கோ," என்றார்.