அரை நாள் குறைவு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தோரு வருடமாக ஒரே இயந்திரம். ஈர விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவில் விடுவார். வலது மணிக்கட்டில் சூடு பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது கணவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். யாராவது விசாரித்தால், "தேடின வேலை இன்னும் கிடைக்கல போல" என்பார் அக்கா.

அந்த மகள் படித்த அரசுப் பள்ளியில் நான் எழுத்தராக இருந்தேன். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் மூன்றும் முப்பத்து நான்கு வருடம் என் பொறுப்பு. இங்கே வரும் எண்கள் எல்லாம் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டவை.

எங்கள் ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கரைப் பள்ளிகள் ஒரு கல்வி அலுவலகத்தின் கீழ், அந்தக் கரைப் பள்ளிகள் இன்னொன்றின் கீழ். இரண்டும் அரசுப் பள்ளிகள்தான். பாடப்புத்தகமும் ஒன்று, பொதுத்தேர்வும் ஒன்று. பேருந்துச் செலவும் மின்சாரச் செலவும் கட்டுப்படியாகவில்லை என்று எங்கள் அலுவலகம் பள்ளி வாரத்தை நாலு நாளாகச் சுருக்கியது. வெள்ளிக்கிழமை பூட்டு. அதற்கு ஈடாக நாளுக்கு ஏழரை மணி நேரம் பள்ளி. அந்தக் கரையில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். வருடத்துக்கு முப்பத்தேழு வாரம் என்று வைத்தால் இங்கே 148 நாள், அங்கே 185 நாள். பெருக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 1,110 மணி நேரம் வரும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அக்காவிடமும் காட்டினேன். மகள் பொதுத்தேர்வு எழுத வேண்டிய வருடத்தில், பாதியில், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார்.

"ஏம்மா, தேர்வு வருஷத்துல எதுக்கு மாத்துறீங்க? மொத்த நேரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?"

"அஞ்சு நாள் சாப்பாட்டை நாலு நாள்லயே சாப்பிட்டுட்டா, அஞ்சாம் நாள் பசிக்காதா சார்?"

அவரே தொடர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆனா இவ என் பொண்ணா இருக்கிறதில்ல, மாமியார் ஆயிடுறா. கூட்டித் துடைச்சு, சமைச்சு வச்சுட்டு, நான் வேலை முடிஞ்சு வந்ததும், காலையில நான் பாத்திரம் சரியா கழுவலைன்னு என்னையே திட்டுறா. பதினஞ்சு வயசுல இதையெல்லாம் இவ்வளவு நல்லா செய்யக் கூடாது சார். அதான் பயமா இருக்கு."

பக்கத்தில் நின்ற மகள், "பாத்திரம் நிஜமாவே சரியா கழுவல சார்" என்றாள்.

அவளுக்கு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்க ஆசை. அந்தப் பயிற்சியில் சேரப் பொதுத்தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காக அக்கா அந்தக் கரையில், ஐந்து நாள் நடக்கும் பள்ளி ஒன்றின் பின்புறத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குக் குடிபோனார். சலவைக்கூடத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது.

சான்றிதழ்ப் படிவத்தில் 'வருகை தந்த நாட்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 76 என்று எழுதினேன். பள்ளி நடந்தது பத்தொன்பது வாரம், எழுபத்தாறு நாள். அவள் ஒரு நாளும் விடவில்லை. அக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சார், பள்ளிக்கூடம் நடந்ததே எழுபத்தாறு நாள்தான்னு ஒரு வார்த்தை போட்டுடுங்களேன்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. கட்டம் இல்லாததை எழுதினா சான்றிதழ் செல்லாது. நாங்க நாலு நாள் பள்ளிக்கூடம்னு அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. பிறகு விதிப்புத்தகம் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன். நானாகவே விதி என்று நம்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

புதிய பள்ளியில் பதினெட்டு வாரம், தொண்ணூறு நாள். அங்கும் அவள் ஒரு நாள் விடவில்லை. ஒருமுறை காய்ச்சலோடு போய்க் கடைசி பெஞ்சில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடைசி வகுப்பு முடிந்த நாளில் தேர்வு எழுதத் தகுதியில்லாதவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். மூன்று பெயர்கள். இரண்டு பேர் பாதி வருடம் பள்ளிப் பக்கமே வராதவர்கள். மூன்றாவது பெயர் இவளுடையது.

அக்கா நேராக என்னிடம் வந்தார். நான் அவருடன் அந்தப் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் மகன் வயதுக்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார்.

"தொண்ணூறு சதவீத வருகை வேணும் சார். நூத்தி எண்பத்தஞ்சுல அது நூத்தி அறுபத்தாறரை. இந்தப் பொண்ணு அங்க எழுபத்தாறு, இங்க தொண்ணூறு. ஆக நூத்தி அறுபத்தாறு. அரை நாள் குறையுது."

"அரை நாள் பள்ளிக்கூடம் வைங்க, அனுப்புறேன்" என்றார் அக்கா.

"தம்பி, எங்க பள்ளி நாலு நாள்தான். மொத்தம் நடந்த நூத்தி அறுபத்தாறு நாளும் அவ வந்திருக்கா" என்றேன்.

"எனக்குப் புரியுது சார். தேர்வு அலுவலகத்துக்கு இந்தத் தாள் மட்டும்தானே போகும்? இந்தக் கரைப் பசங்க எல்லாருக்கும் அவங்க நூத்தி எண்பத்தஞ்சுன்னுதான் போடுவாங்க. உங்க கரையில மத்த எழுத்தருங்க சான்றிதழ்ல ஓரமா ஒரு வரி எழுதி அனுப்புவாங்க. நானும் அதை வச்சுக் கணக்கை மாத்தி அனுப்பிடுவேன். நீங்க மட்டும்தான் சார் எழுதல."

வெளியே நடைபாதையில் அக்கா என் எதிரில் வந்து நின்றார்.

"வேற சான்றிதழ் எழுதிக் குடுங்க சார். எழுபத்தேழுன்னு. ஒரே ஒரு நாள்."

"நடக்காத நாளை நான் எப்படிம்மா எழுதுறது?"

"நடந்த நாளை எழுதச் சொன்னப்போ கட்டம் இல்லைன்னீங்க."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"நீங்க நல்ல மனுஷன் சார். உங்ககிட்ட மாட்டினவங்கதான் பாவம்."

அன்றே தேர்வு அலுவலகத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதி, பதிவேட்டு நகல்களை இணைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டேன். பத்தாவது நாள் தேர்வு தொடங்கியது. இருபத்து மூன்றாவது நாள் பதில் வந்தது. சான்றிதழ் வழங்கிய பின் தரப்படும் விளக்கங்கள் ஏற்கப்படமாட்டா, மாணவி விரும்பினால் அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு பயிலலாம் என்று இருந்தது.

பதிலை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போனேன். மகள்தான் வாங்கிப் படித்தாள்.

"ஒரு நாள் விடாம வந்தவளை இன்னும் ஒரு வருஷம் வரச் சொல்றாங்களா? எதுக்கு? அந்த அரை நாளுக்கா?"

அக்கா கெஞ்சினார், அதட்டினார், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அவள் போகவில்லை. அடுத்த மாதம் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் ஒரு தொழிற்கூடத்தில் சேர்ந்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு சுற்றறிக்கை ஒன்று வந்தது. மாற்றுச் சான்றிதழில் இனி 'பள்ளி நடைபெற்ற நாட்கள்' என்று ஒரு கட்டம் இருக்குமாம். ஓர் எழுத்தரின் கடிதத்தை முன்னிட்டு என்று முதல் பத்தியிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். அதன் நகலோடு சலவைக்கூடத்துக்குப் போனேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நின்றபடியே படித்தார்.

"இது எப்பலேருந்து சார்?"

"இந்த வருஷத்துலேருந்து."

"முன்னாடி எழுதின சான்றிதழுக்கு?"

"அதுக்குப் பொருந்தாதும்மா."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ஆறு நாள் வேலை சார். நாள் குறையுதுன்னு இதுவரைக்கும் அங்க யாரும் சொல்லல."

சுற்றறிக்கையைக் காட்டித் தனியாக ஒரு மனு போட்டால் அவள் விஷயத்தைத் திரும்ப எடுக்க வாய்ப்பிருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். நீங்க எழுதினது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.