பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான்

தாய்மார்களுக்கு விவரம் போதாது, அதனால்தான் பிள்ளைகளுக்கு ஊசி போட வருவதில்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் சூடாகிறது. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்று இருக்கும். இதுவரை பிடுங்கியதில்லை. எழுதவாவது செய்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. போடியில் ஒரு ஏலக்காய் கிட்டங்கியில், அதாவது குடோனில், எனக்குக் காய் பொறுக்குகிற வேலை. முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சைக் காயை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவோம். கைப்பிள்ளைக்காரிகள் சுவரோரமாகச் சேலைத் தொட்டில் கட்டிக்கொள்வோம். என் கணவர் போடிக்கும் குரங்கணிக்கும் இடையே ஜீப் ஓட்டினார். ஜீப் அவருடைய அண்ணனுக்குச் சொந்தமானது. அண்ணனும் அவர் மனைவியும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அவரை நான் மாமா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

மணல்வாரிக்கு, அதாவது தட்டம்மைக்கு, புதிதாக ஊசி வந்திருக்கிறது என்ற பேச்சு கிட்டங்கிக்குத்தான் முதலில் வந்தது. அதுவரை மணல்வாரியை யாரும் நோயாகவே நினைக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒருமுறை வரும், வேப்பிலை போட்டுப் படுக்கவைத்தால் ஆத்தா இறங்கிவிடுவாள் என்று இருந்தோம். இறங்காமல் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம் என்றாள் ஒருத்தி. ஆத்தாளுக்கு ஆகாது என்றாள் இன்னொருத்தி. வடக்கே ஒரு பிள்ளைக்குக் கால் வராமல் போய்விட்டதாம் என்றாள் மூன்றாமவள். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை. கைக்குழந்தையின் தொடையில் என்ன மருந்து ஏறப்போகிறது என்று கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. அதனால் எங்கள் தெருவுக்கு வந்த நர்சம்மாவிடம் போய் நின்றேன். இது புது மருந்தா, இதற்கு முன்னால் யாருக்குப் போட்டிருக்கிறார்கள், போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று மூன்றே மூன்று கேள்விதான் கேட்டேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா? தூக்கிட்டு வான்னா தூக்கிட்டு வா."

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். படிக்காவிட்டால்தான் என்ன? பிள்ளையைப் பெற்றவளுக்கு ஒரு பதில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

வீட்டில் சொன்னபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். இந்த வீட்டுப் பிள்ளைமேல் சர்க்கார் ஊசி படக்கூடாது என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சில்லை.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. எழுபதுகளின் நடுவில், ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்ட வருஷங்களில், அவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். முகாமுக்குப் போய்வந்த சீட்டு இருந்தால்தான் காகிதம் நகரும் என்று சொல்லியிருக்கிறார்கள். சும்மா ஒரு ஊசி, ஒரு கையெழுத்து என்று நம்பிப் போனவருக்கு ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு ஒரே பையன். அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் அந்தப் பையன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

அவருக்கு அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. என் பிள்ளையைப் பற்றிய முடிவை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார். என் கணவரோ அண்ணன் முன்னால் வாயைத் திறக்கவில்லை. தனியாக இருக்கும்போது, "நீயே யோசிச்சுக்க" என்றார். யோசிக்கிற பாரம் எனக்கு, சொல்லுகிற அதிகாரம் அவர்களுக்கு.

ஊசி நாள் மாதத்தில் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுக்கப் போன என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவருக்குச் செஞ்சது அநியாயம். அது நாங்க பட்டுட்டோம். அதுக்காக இவளை விட்றாத. எங்க ஊர்ல மணல்வாரி வந்த வருஷம் ஒரே தெருவுல நாலு பிள்ளைகளத் தூக்கிட்டுப் போனத நான் பாத்திருக்கேன்."

அக்கா என்னோடு இத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான். யாருடைய நோட்டிலும் இல்லாத, யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விஷயத்தை, இழந்தவர் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நான் முடிவெடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாமாவிடம் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் உள்ளூர். மூன்றாவது ஆள் குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவள், என் வயதுதான் இருக்கும். விடியும் முன்பே தோட்டத்திலிருந்து இறங்கி, குரங்கணி வரை நடந்து, என் கணவரின் ஜீப்பில்தான் வந்திருக்கிறாள். தோளில் ஒரு ஆண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கூலி போய்விட்டது, கங்காணி என்ன சொல்லப்போகிறாரோ என்று மட்டும் சொன்னாள்.

நர்சம்மா ஐஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. எங்களை எண்ணினார்.

"நாலு பேருக்கெல்லாம் உடைக்க முடியாது. ஒரு குப்பி பத்துப் பிள்ளைக்கு. தண்ணி ஊத்திக் கலக்கிட்டா மத்தியானத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சம் வீண். அடுத்த மாசம் வாங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. மருந்து இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊசி இருக்கிறது, போடுகிறவரும் இருக்கிறார். ஆனால் போடமாட்டார். ஆறு பிள்ளைக்கான மருந்து வீணாகிவிடக்கூடாது, நாலு பிள்ளைகள் திரும்பிப் போகலாம். அதைத்தான் நான் கேட்டேன். மருந்து வீணானால் தனக்கு மெமோ வரும், பிள்ளை வராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார் அவர். வெகுளித்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டார். பதினைந்து ஊருக்கு ஒற்றை ஆளாக நடக்கிற பெண். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்து குப்பிகளை எண்ணியவர்களைச் சொல்கிறேன்.

"பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்தா உடைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்குள்ள வந்தா பாப்போம்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தொட்டில் தொட்டிலாகப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். காய்ச்சல் வருமா என்று கேட்டார்கள். வரலாம், எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் என் பிள்ளைக்குப் போடப்போகிறேன் என்றேன். கிட்டங்கி மேனேஜர் சோலி கெடுகிறது என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு பேர் எழுந்து வந்தார்கள். இன்னொருத்தி வழியில் சேர்ந்துகொண்டாள்.

பதினொன்றரைக்கு நாங்கள் திரும்பிப் போனபோது உள்ளூர்ப் பெண்கள் இருவரும் மரத்தடியில் இருந்தார்கள். குரங்கணிக்காரி இல்லை. பதினோரு மணி ஜீப்பை விட்டால் சாயங்காலம்தான், அதற்குமேல் தோட்டத்துக்கு ஏற முடியாது என்று போய்விட்டாளாம். என் கணவரின் ஜீப்பில், என் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து. 'இரு, ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடியிருக்கிறேன். என் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். அது இந்த இடத்துக்குத்தான்.

சரியாகப் பத்துப் பிள்ளைகள். குப்பியை உடைத்தார். என் மகள் வீறிட்டு அழுது, சாலைக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

எட்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. முகத்தில் லேசாகத் தடிப்பு. மாமாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீப்பைக்கூட எட்டிப் பார்க்காமல் அன்று பகல் முழுவதும் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "தண்ணி கொண்டா," "துணி கொண்டா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நெற்றியில் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டார். காமாலையில் போன தன் பையனை வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

நான் நர்சம்மாவிடம் ஓடினேன். "அது வரும். ஒரு வாரம் பத்து நாள்ல வந்து, ரெண்டு நாள்ல போயிரும். வேற ஒண்ணுமில்ல," என்றார். எவ்வளவு சின்ன வாக்கியம். இதை அவர் அன்றைக்கே தெருவில் சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் தூக்கமில்லாமல் தவித்திருக்க வேண்டாம். அந்த மனிதர் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நீ செய்தது சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பிறகு போட்ட ஊசிகளுக்குத் தடை சொல்லவுமில்லை.

அடுத்த ஊசி நாள் வருவதற்குள் குரங்கணிக்கு மேலே தோட்டத்து வீடுகளில் மணல்வாரி பரவிவிட்டது. ஒரு நாள் காலை லோடு ஏற்றாமல் என் கணவர் வெரசாக ஜீப்பை இறக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அந்தப் பெண். பிள்ளைக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது, கண் இரண்டும் புளிச்சை கட்டி ஒட்டியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

பிள்ளை பிழைத்தான். வலது கண் வெள்ளையாகிப் போய்விட்டது.

ஏழாம் நாள் டாக்டர் அவளைத் திட்டினார். ஊசி சும்மா கொடுக்கிறோம், அதைக்கூடப் போட்டுக்கொள்ள உங்களுக்கு வலிக்கிறது, மலையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைக் குருடாக்கிவிட்டு இப்போது வந்து அழுகிறாய் என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் நிற்க முடியவில்லை.

"அவ வந்தாங்கய்யா. இருட்டுல இறங்கி வந்தா. பத்துப் பிள்ளை சேரலன்னு நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க," என்றேன்.

டாக்டர் நம்பவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மாவைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் மகள் பேர் இருந்தது, மற்ற ஒன்பது பேர் இருந்தார்கள். குரங்கணிக்காரியின் பிள்ளை பேருக்கு எதிரில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. நர்சம்மா என்னைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார், மெதுவாக, மெமோவைப் பற்றியும் சேர்த்து. டாக்டர் பதிவேட்டை மூடப் போனார். அந்த வார்த்தையை மாற்றுங்கள் என்றேன். சர்க்கார் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, போங்கம்மா என்றார்.

அந்தப் பதிவேடு இந்நேரம் செல்லரித்துப் போயிருக்கும். எந்தக் கூட்டத்திலோ யாரோ அதிலிருந்து வராதவர்களைக் கூட்டி, தாய்மார்களின் அறியாமை என்று எழுதியிருப்பார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நர்சம்மா மூன்று பிள்ளைகள் வந்தாலும் குப்பியை உடைத்தார். டாக்டர் சொன்னாரா, அவரே துணிந்தாரா, தெரியவில்லை. பிறகு நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்வார். குரங்கணிக்காரி இரண்டு வருஷம் கழித்துப் போடிமெட்டுப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகும் முன் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகளும் அவள் பையனும் வாசலில் ஏலக்காய்த் தொலியை வைத்து விளையாடினார்கள். அவன் தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்தான். அக்கா அவனுக்குச் சோறு ஊட்டினார். "அன்னைக்கு நீங்க எனக்காகப் பேசுனீங்களே," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளை இருக்கச் சொல்லாமல் ஓடியதை நான் அவளிடம் சொன்னேன். அவள் கையை விடவில்லை.