கம்பெனி பெயர் இல்லாத விசா: நெய்வேலியில் ஒன்றரை நாள்

கிளாம்பாக்கத்திலிருந்து நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகும் பேருந்து சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியது. மே மாதம். சன்னலோரம் இடம் கிடைத்தது ஒன்றுதான் நல்ல சகுனம். மற்றபடி நான் போனது ஒரு பஞ்சாயத்துக்கு.

எங்கள் சென்னை அனிமேஷன் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்யும் சுகன்யாவுக்கு பிரிட்டன் விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை விமானம். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்யும் அவளுடைய அப்பா ஏழுமலை, இது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்று சொல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்று இவள் ஊரில் போய் உட்கார்ந்துவிட்டாள். கடிதம் எழுதிக் கொடுத்த மேடம் நேரில் வந்து பேசட்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அந்த மேடம் நான்தான்.

வந்தது சாதாரண வேலை விசா அல்ல, திறமை விசா. வேலைக்கு வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கும் அதில் ஒரு வழி இருக்கிறது. இந்த ஆள் நாளைக்குப் பெரிதாக வருவார் என்று துறையில் பெயருள்ள மூன்று பேர் எழுதித்தர வேண்டும். செய்த வேலையைக் காட்ட வேண்டும். நிபுணர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். சுகன்யா கணினி விளையாட்டுகளில் வரும் இயந்திரங்களுக்கு அசைவு கொடுப்பவள். மற்றவர்கள் அசைத்தால் கிரேன் பொம்மை போலிருக்கும். இவள் அசைத்தால் அதன் கனத்தைத் தரை தாங்குவது தெரியும். நான் எழுதிய கடிதத்தில் ஒரு வார்த்தை மிகை கிடையாது. எனக்குப் புகழ வராது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்குப் பண்ருட்டி. விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை குலுக்கிய குலுக்கலில் தூக்கம் போயிருந்தது. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, முந்நூறு சொன்ன பலாப்பழத்தை இருநூற்றிருபதுக்குப் பேசி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "பழத்துக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா மேடம்?" என்றார் நடத்துநர். முள் குத்திய கடுப்பில் நான் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். யார் வீடு என்று ஓட்டுநர் கேட்டார். மைன்ஸில் வேலை செய்யும் ஏழுமலை என்றேன்.

"பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்ட்."

"அப்ப டவுன்ஷிப்புல வூடு இருக்காதுங்க. மந்தாரக்குப்பம் தாண்டிப் போவணும்."

டவுன்ஷிப் வழியாகத்தான் போனோம். அகலமான சாலைகள், இருபுறமும் மர நிழல், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். அந்த நிழல் முடிந்து வெயில் தொடங்கி, ஒரு தெருவின் கடைசியில் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டின் முன் ஆட்டோ நின்றது. தெருவுக்கு அப்பால் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண் மலையாக நின்றது. அதன் மேல் புல்கூட முளைத்திருந்தது.

சுகன்யாவின் அம்மா அஞ்சலை பழத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கே பலாப்பழமா?" என்று சிரித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவள் போல நின்றேன். ஏழுமலை காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு, "அவரு பேசமாட்டாரு, பேசுனா வுடமாட்டாரு, பாத்துக்கங்க" என்று அஞ்சலை எச்சரித்தார்.

இரண்டரைக்கு ஏழுமலை வந்தார். ஐம்பது தாண்டிய ஒல்லியான மனிதர், காது ஓரத்தில் கழுவியும் போகாத புழுதி. கூடவே அவருடைய ஷிப்ட் தோழர் கொளஞ்சி, ஆதரவுக்கு. கான்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளுவது இருவருக்கும் வேலை. முகம் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கம்பெனி பேரு இன்னாங்க மேடம்?"

"கம்பெனி கிடையாது, அண்ணாச்சி." தூத்துக்குடிக்காரி நான். வாய் அப்படித்தான் வரும்.

"கம்பெனி இல்லாம எவன் விசா குடுப்பான்? எங்க அக்கா பையன், கம்மாபுரத்துல இருக்கான். ஏஜென்ட் பேச்சக் கேட்டுக்கினு மலேசியா போனான். போய்ப் பாத்தா கம்பெனியே இல்ல. ஒளிஞ்சி ஒளிஞ்சி வேல செஞ்சிட்டு எலும்பும் தோலுமா வந்து சேந்தான். எம்பொண்ணையும் அப்டி அனுப்பணுமா?"

"மொதல்ல இதச் சொல்லுங்க," என்றார் கொளஞ்சி. "பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

"ரெண்டும் இல்லைங்க."

"ரெண்டும் இல்லன்னா கேஷுவலா?"

சுகன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் விளக்கினேன். நிபுணர் குழு, மூன்று கடிதம், எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யும் உரிமை என்று ஒன்று விடாமல் சொன்னேன். செவிடன் காதில் சங்குதான். "நல்லவங்களாதான் இருக்கீங்க. உங்களையும் ஏமாத்திருக்கான்," என்று ஏழுமலை முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தது.

"அண்ணாச்சி, என் விசாவில கம்பெனி பேரு இருந்துச்சு. கொட்ட எழுத்துல இருந்துச்சு. இவ வயசுல சிங்கப்பூர் போனேன். ஒன்றர வருசத்துல அந்தக் கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. கம்பெனி போச்சு, அதோட விசாவும் போச்சு. வேற வேலை தேடக்கூட நேரமில்ல. ஒரே மாசத்துல பெட்டியத் தூக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். கம்பெனி பேரு இருந்து எனக்கு என்ன கெடச்சுது?"

ஏழுமலை கொளஞ்சியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை எடுத்தார். சுரங்கத்துக்குள் போவதற்கான கேட் பாஸ். மேலே கான்ட்ராக்டரின் பெயர் பெரிதாக. கீழே அவருடைய பெயர் சிறிதாக.

"இருவத்திரண்டு வருசமா அதே பெல்ட்டு, அதே மம்முட்டி. மேல இருக்கற பேரு மட்டும் மாறிக்கினே இருக்கும். கான்ட்ராக்டரு மாறுனா பாஸ் செல்லாது. புதுசு வர்ற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிக்கணும். அந்த மாதிரியா உங்க விசா?"

"அச்சு அசலா அதே மாதிரி."

அவர் மகளிடம் திரும்பினார். "உன்னுதுல யாரு பேரு பாப்பா இருக்குது?"

சுகன்யா போனில் விசாவைத் திறந்து காட்டினாள். "எம்பேரு மட்டுந்தாம்பா."

"அங்க ஒருத்தங்கிட்ட சேர்ற. அவன் நாளைக்கு வேணாம்னுட்டா?"

"வேற எடத்துக்குப் போவேன்."

"விசா?"

"அப்படியே இருக்கும்பா. சொந்தமா தொழில் பண்ணாலும் இருக்கும்."

முதலில் பிடித்துக்கொண்டவர் கொளஞ்சி. தொடையில் ஓங்கித் தட்டினார். "யோவ் ஏழுமல, பாஸு பாப்பா பேர்லயே இருக்குதுய்யா!"

ஏழுமலை போனை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் மகளின் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவினார். திரை நகர்ந்து போனது. மறுபடி கொண்டுவரச் சொல்லித் தடவினார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க என்னைத்தான் திட்டினார். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான மேடம்?"

அரைமணி நேரமாக வேறு என்ன சொல்லிக்கொண்டிருந்தேனாம்! ஆனால் அந்தத் திட்டு எனக்கு இனித்தது. "போய்ட்டு வா பாப்பா," என்று அவர் சொன்னதும் சுகன்யா அவர் மடியில் விழுந்து அழுதாள். அஞ்சலை பலாப்பழத்தை அறுக்க எண்ணெயும் கத்தியும் எடுத்து வந்தார். தெருவே வந்து தின்றது.

ஞாயிறு காலை ஆறரைக்கு மேளச் சத்தத்தில் எழுந்தேன். வாசலில் குட்டியானை வண்டி ஒன்று, வாழைக்கன்று கட்டி நின்றது. பெல்ட்டில் வேலை செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர், கையில் ரோஜா மாலை. நெய்வேலியில் ஒரு வழக்கம் உண்டு என்று கொளஞ்சி சொன்னார். பர்மனென்ட் ஆள் ஓய்வு பெறும் நாளில், கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, வண்டியில் வைத்து வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். "எங்களுக்கெல்லாம் அது கெடையாது மேடம். கான்ட்ராக்டுல எது கடைசி நாளுன்னு எவனுக்குத் தெரியும்? அதான், மேளம் நம்ம பாப்பாவுக்கு அடிப்போம்னு முடிவு பண்ணிட்டோம்."

வெட்கப்பட்ட சுகன்யாவைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றினார்கள். டவுன்ஷிப்புக்குள் வேண்டுமென்றே மெதுவாகப் போனார்கள். குவார்ட்டர்ஸ் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "யாருக்குப்பா ரிட்டயர்மென்ட்?" என்று கேட்டார்.

"ரிட்டயர்மென்ட் இல்லீங்க," என்று ஏழுமலை வண்டியிலிருந்து கத்தினார். "ஜாயினிங்!"

மேளக்காரர் அதற்குத் தனியாக ஒரு அடி அடித்தார்.

பேருந்து நிலையத்தில் எட்டு மணிச் சென்னை வண்டி. பெட்டிகளை ஏற்றி, அஞ்சலை ஏறியபின் பார்த்தால் ஏழுமலையும் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அன்றும் அவருக்குக் காலை ஷிப்ட் என்பது எனக்குத் தெரியும். கேட்டேன்.

"இன்னிக்குக் கான்ட்ராக்டருக்கு நான் லீவு குடுத்துட்டேன்," என்றார்.

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்களைக் கண்ணீரோடுதான் அனுப்புவோம். நானும் அப்படித்தான் போனேன். திரும்பி வந்தபோது ரயிலடியில் யாரும் இல்லை. மேளத்தோடு அனுப்புகிற ஊரை அன்றுதான் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதில் எனக்கு அப்பட்டமான பெருமை.

ஆர்ச் கேட் தாண்டி நடத்துநர் வந்தார். மாலையைப் பார்த்துவிட்டு, எங்கே பயணம், எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன் ஏழுமலை ஆரம்பித்துவிட்டார். பாஸ் என்றால் என்ன, மேலே யார் பெயர், கீழே யார் பெயர், மேலே இருப்பவன் மாறினால் என்ன ஆகும், இவளுடையதில் ஏன் மேலே ஆளே இல்லை என்று பண்ருட்டி வரும்வரை சொன்னார். நான்கு வரிசைக்குக் கேட்டது. நான் அரைமணி நேரம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்.

நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி யோசித்தார். "அப்ப உங்க பொண்ணுக்கு உங்க பொண்ணேதான் கான்ட்ராக்டர்னு சொல்லுங்க."

ஏழுமலை, இரண்டு நாளில் நான் முதல்முறையாகக் கேட்கும்படி, வாய்விட்டுச் சிரித்தார்.